வசந்தன் யாருக்காக? மட்டக்களப்புச் சிறுவர் பாட்டொன்றின் பொருள் தேடி

மட்டக்களப்பு வாவியைச் சூழ்ந்த ஊர்களில் வசந்தன் என்றொரு ஆட்டம் உண்டு. சிறுவர்கள் இணை இணையாக வட்டத்தில் நின்று, கைக்கொரு கோலாக இரண்டு கோல் பிடித்து, ஒருவர் கோலில் ஒருவர் தட்டி ஆடுவார்கள். நடுவில் அல்லது ஓரத்தில் அண்ணாவியார் நிற்பார். ஆட்டமும் பாட்டும் பழக்கி மத்தளம் அடிப்பவரை இந்தப் பகுதியில் அண்ணாவியார் என்கிறோம். இந்த ஆட்டத்துக்கான பாட்டுக்கும் வசந்தன் என்றே பெயர். சித்திரைப் புத்தாண்டு தொடங்கி வைகாசிச் சடங்கு முடியும் வரையான வெயில் நாட்கள்தாம் அதற்குரிய காலம். இவ்வளவும் பலரும் அறிந்த செய்தி. அந்தப் பாட்டின் பொருள் என்ன, வெயில் ஏறும் மாதங்களில் பிள்ளைகளை நிறுத்தி அதைப் பாடவைத்தது ஏன் என்பதே நான் தொடர்ந்த கேள்வி.

தூரத்து நாட்டுப் பாட்டு ஒன்று இந்தக் கேள்வியைக் கூர்மையாக்கியது. ஸ்வீடனில் கோடை விடுமுறைக்காகப் பள்ளிக்கூடம் பூட்டும் நாளில் பிள்ளைகள் ஒரு பழைய கிறிஸ்தவத் துதிப் பாடலைப் பாடுவார்கள். 1695ஆம் ஆண்டுத் திருச்சபைப் பாடல் நூலில் உள்ள அந்தப் பாட்டு, பூக்காலம் வந்ததற்குக் கடவுளைப் போற்றுகிறது. அதே நாட்டில் 1973இல் வந்த எமில் திரைப்படத்துக்காக அஸ்ட்ரிட் லிண்ட்கிரன் எழுதி, கெயோர்க் ரீடெல் இசையமைத்த கோடைப் பாட்டு வேறு விதமானது. அதைப் பாடும் சிறுமி ஈடா, கோடை தானாக வருவதில்லை, பூவையும் பச்சையையும் கொண்டுவரும் வேலையைத் தானே செய்கிறேன் என்கிறாள். முதற்பாட்டில் பிள்ளைகள் பருவத்துக்கு நன்றி சொல்கிறார்கள். இரண்டாவதில் பருவத்தை ஒரு பிள்ளையே உண்டாக்குகிறாள். பருவத்தைப் பாடும் எந்தச் சிறுவர் பாட்டிடமும் இதைக் கேட்கலாம்: பாடும் பிள்ளை பருவத்தைப் பார்த்து நிற்கிறதா, அதற்கு ஏதாவது செய்கிறதா? வசந்தனிடமும் இதையே கேட்டேன்.

முதற் சான்று அச்சு நூல். வித்தியாதரிசி, அதாவது பாடசாலைகளைப் பார்வையிடும் அரசாங்கப் பரிசோதகர், என்ற பதவியில் இருந்தவர் சுன்னாகத்துப் பண்டிதர் தி. சதாசிவ ஐயர். ஊர்களில் வழங்கிய வசந்தன் பாடல்களைத் திரட்டி ‘மட்டக்களப்பு வசந்தன் கவித்திரட்டு’ என்ற பெயரில் 1940இல் அவர் அச்சேற்றினார். இந்தப் பாட்டைப் பற்றிய பேச்சுக்கெல்லாம் அடிமனை அந்த நூல்தான். இன்று நூலகம் நிறுவனத்தின் எண்ணிம நூலகத்தில் ஈழத்துப் பழைய நூல்கள் பலவற்றை வீட்டிலிருந்தே படிக்க முடிகிறது. ஆயினும் ஒரு பாட்டைத் திரட்டில் படிப்பதும் அதன் களத்தில் கேட்பதும் ஒன்றல்ல. திரட்டு பாட்டைத் தருகிறது. எந்த ஊரில், எந்த மாதத்தில், எந்தத் தெய்வத்தின் முன் பாடினார்கள் என்பதை வேறிடங்களில்தான் தேடவேண்டும்.

வசந்தன் என்ற தலைப்பின் கீழ் வழங்குவன ஒரே வகைப் பாட்டுகள் அல்ல. அனுமானைப் பற்றிய வசந்தன் ஒன்று, குயிலைக் கூவச் சொல்லும் வசந்தன் ஒன்று, வயலில் நெல் வெட்டுவதைப் பாடும் வேளாண்மை வெட்டு ஒன்று. மட்டக்களப்பில் வேளாண்மை என்றால் நெற்செய்கை என்றே பொருள். மற்றப் பயிர்களை அந்தச் சொல் குறிப்பதில்லை. முயிற்று வசந்தன் என்றும் ஒன்று உண்டு. முயிறு என்பது மரக்கிளைகளில் இலைகளைப் பிணைத்துக் கூடு கட்டும் சிவப்பெறும்பு. அது கடித்தால் பிள்ளை எப்படித் துள்ளும், கையை எப்படி உதறும், காலை எப்படித் தேய்க்கும் என்பதையெல்லாம் தாளம் பிசகாமல் ஆடிக்காட்டுவது முயிற்று வசந்தன். கோல் கீழே விழக்கூடாது, பக்கத்துப் பையனின் கோலைத் தவறவிடவும் கூடாது. அதற்குள் உடம்பெல்லாம் எறும்பு ஏறியதுபோல நடிக்கவேண்டும். சிரிப்புக்காகவே அமைந்ததாகத் தோன்றும் இந்தப் பாட்டு, தெய்வத்தைப் போற்றும் பாட்டுகளோடு ஒரே களத்தில் ஆடப்பட்டது. என் விளக்கம் எதுவானாலும், அதில் இந்த எறும்புக்கும் இடம் இருந்தாகவேண்டும் என்று அப்போதே முடிவு செய்தேன்.

முதலில் எவரும் போகும் வழி பெயரின் வழி. வசந்தன் என்பது இளவேனிலின் பெயர். மன்மதனுக்குத் தோழன் என்று புராணங்கள் சொல்லும் பருவ தேவனின் பெயரும் அதுவே. தமிழ்நாட்டில் மாசி, பங்குனியில் நடக்கும் காமன் பண்டிகையோடும் சிலப்பதிகாரம் பாடும் வேனில் விழாவோடும் இதைச் சேர்த்துப் பார்க்கத் தோன்றும். ஆனால் சேர்த்துப் பார்க்கும் அளவுக்குத் திரட்டு இடம் தரவில்லை. வசந்தன் பாட்டுகளில் பெரும்பகுதிக்குக் காமனோடு தொடர்பில்லை. வயலும் அம்மனும் இராமாயணமும் எறும்புமே நிறைந்திருக்கின்றன. பெயர் வெளியிலிருந்து வந்து ஆட்டத்தின் மேல் ஒட்டியிருக்கலாம். ஆட்டத்தின் பொருளைத் திறக்கும் சாவி அதில் இல்லை. யாழ்ப்பாணத்திலும் வசந்தன் என்ற பெயரில் கோலாட்ட மரபு இருப்பதால், பெயரை மட்டும் பிடித்துக்கொண்டால் மட்டக்களப்பின் தனித்தன்மையும் கைநழுவிவிடும்.

அடுத்தது நாட்காட்டி. மட்டக்களப்பில் ஆண்டுக்குச் சராசரியாக ஏறக்குறைய 1600 முதல் 1700 மில்லிமீற்றர் மழை பெய்கிறது. அதில் பாதிக்கு மேல் நவம்பர், டிசம்பர், ஜனவரி ஆகிய மூன்று மாதங்களில் வாடைக்காற்றோடு வந்துவிடும். ஏப்ரல் கழிந்ததும் மழை அற்று, ஜூன் மாதம் ஆண்டிலேயே வறண்ட மாதமாகிறது. அப்போது மேற்கிலிருந்து மலைகளைக் கடந்து இறங்கும் உலர்ந்த சூட்டுக் காற்றை இங்கே கச்சான் என்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் கச்சான் என்றால் நிலக்கடலை. மட்டக்களப்பில் அந்தச் சொல்லைக் கேட்டால் உதடு வெடிக்கும் காற்றும் நினைவுக்கு வரும். சித்திரை, வைகாசி என்பவை இந்தக் கச்சானின் வாசல். வசந்தன் ஆடியது குளிர் விலகிப் பூ மலரும் காலத்தில் அல்ல, ஈரம் வற்றத் தொடங்கும் காலத்தில்.

இந்த நாட்காட்டியே எளிய விளக்கம் ஒன்றையும் தருகிறது. பெரும்போகம், அதாவது மாரிமழையை நம்பிச் செய்யும் வேளாண்மை, மாசி பங்குனியில் வெட்டி முடியும். கதிரைச் சூடு வைத்து, களவெட்டியில் மிதித்து, நெல் வீடு வந்து சேரும். சூடு என்பது கதிர்க்கட்டுகளின் அடுக்கு. களவெட்டி என்பது நெல் பிரிக்கும் களம். அதன் பின் வருவது ஓய்வு. கையில் நெல் இருக்கிறது, பிள்ளைகளுக்கு வயற்காவல் இல்லை, இரவுகள் வெளியில் இருக்கத் தோதானவை. ஆகவே வசந்தன் அறுவடைக்குப் பிந்திய பொழுதுபோக்கு என்று சொல்லிவிடலாம். வேளாண்மை வெட்டு வசந்தனும் இதற்கு ஆதரவாக நிற்கிறது: முடித்த வேலையைப் பிள்ளைகள் திரும்ப ஆடிப் பார்க்கிறார்கள்.

இந்த விளக்கத்தை ஒதுக்கிவிட முடியாது. ஆனால் ஆடுவதற்குப் பொழுது எப்படிக் கிடைத்தது என்பதை மட்டுமே அது சொல்கிறது. கிடைத்த பொழுதை இந்தக் களத்தில், இந்த நாட்களில் செலவழித்தது ஏன் என்று அது சொல்வதில்லை. எனவே ஆட்டத்தை விட்டுக் களத்தைப் பார்க்க வேண்டியதாயிற்று.

பண்டிதர் வி. சீ. கந்தையாவின் ‘மட்டக்களப்புத் தமிழகம்’ 1964இல் வெளிவந்தது. மட்டக்களப்பின் கலைகளையும் கண்ணகி வழிபாட்டையும் ஒரே நூலில் வைத்துப் பார்க்க உதவும் தொகுப்பு அது. பேராசிரியர் இ. பாலசுந்தரம் மட்டக்களப்பு மாவட்ட நாட்டார் பாடல்களை ஆய்ந்து 1979இல் வெளியிட்ட நூலும், பேராசிரியர் சி. மௌனகுருவின் ‘மட்டக்களப்பு மரபுவழி நாடகங்கள்’ நூலும் துணைக்கு வந்தன. இவற்றைச் சேர்த்துப் படிக்கையில் வசந்தன் அடிக்கடி கண்ணகி அம்மன் கோவில் முன்றிலில் வந்து நிற்பதைக் காணலாம். பிள்ளையார் கோவிலிலும் வேறு கோவில்களிலும் வசந்தன் ஆடுவதுண்டு. அதை மறைத்துவிட்டுக் கண்ணகிக்கே உரியது என்று எழுதுவது நேர்மையாகாது. என்றாலும் பருவத்தோடு அது இறுகப் பிணைந்திருப்பது கண்ணகி சடங்கில்தான்.

அந்தச் சடங்கின் முறையைச் சொல்லவேண்டும். செட்டிபாளையம், ஆரையம்பதி, காரைதீவு, தம்பிலுவில் போன்ற ஊர்களின் கண்ணகி கோவில்களுக்கு வைகாசியே பெருநாள். ஆண்டின் பெரும்பகுதி பூட்டியிருக்கும் கோவிலைச் சடங்குக்காகத் திறப்பதைக் கதவு திறத்தல் என்பார்கள். அன்று தொடங்கும் சடங்கு வைகாசிப் பூரணையை ஒட்டிய இரவில் திருக்குளிர்த்தியோடு நிறைவுபெறும். குளிர்த்தி என்பது குளிரச் செய்தல். மதுரையை எரித்த தாயின் சினத்தையும் சூட்டையும் ஆற்றுவதற்காகக் குளிர்த்திப் பாடல் பாடி, வேப்பிலையால் நீர் தெளிப்பார்கள். அந்த நீரைக் கொண்டுபோய் வீட்டில் வைப்பவர்களும் உண்டு. கோவில் திறந்திருக்கும் இந்தச் சில இரவுகளில், குளிர்த்திக்கு முன்னே, பிள்ளைகளின் கோல் ஒலிக்கிறது. வெயில், தாயின் சினம், குளிர்த்தி என்ற வரிசையில் வசந்தனும் நிற்பதை இங்கே முதன்முறை தெளிவாகக் கண்டேன்.

இந்த வரிசைக்குப் பழைய சான்று உண்டா? இருக்கிறது, பெரிய இடத்திலேயே இருக்கிறது. உ. வே. சாமிநாதையர் 1892இல் பதிப்பித்த சிலப்பதிகாரத்தின் முகப்பில் உரைபெறு கட்டுரை என்று ஒரு சிறு உரைநடைப் பகுதி வருகிறது. கண்ணகியின் சினத்துக்குப் பின் பாண்டிநாட்டில் மழை பொய்த்தது, வறுமை வந்தது, காய்ச்சலும் கொப்புள நோயும் பரவின என்கிறது அது. கொற்கையிலிருந்த வெற்றிவேற்செழியன் ஆயிரம் பொற்கொல்லரைப் பலியிட்டு விழாச் செய்தான். நாடு மழையைக் கண்டது, நோய் அகன்றது. இதைக் கேட்ட கொங்கரும் விழா எடுத்தனர். இலங்கை மன்னன் கயவாகு கோட்டம் கட்டி, ஆடி மாதத்தில் பலமுறை விழா எடுக்க, மழை நின்று பெய்து வளம் பெருகியது. இந்தச் சிறு பகுதி எவ்வளவு பழையது என்பதில் அறிஞர்கள் ஒருமனப்பட்டவர்கள் அல்லர். ஆகவே கயவாகுவை வரலாற்றுச் சான்றாக வைத்து நான் எதையும் கட்டப்போவதில்லை. எனக்கு வேண்டியது அதன் எண்ணவோட்டம் மட்டுமே. பெண்ணின் சினம் வெப்பமாகிறது. வெப்பம் மழையின்மையாகவும் நோயாகவும் இறங்குகிறது. விழா அதை ஆற்றுகிறது.

இங்கே ஒரு முட்டுக்கட்டை. சிலப்பதிகாரம் ஆடி என்கிறது, மட்டக்களப்பு வைகாசி என்கிறது. முல்லைத்தீவு வற்றாப்பளைக் கண்ணகியின் பொங்கலும் வைகாசியிலேயே வருகிறது. சிங்கள மக்கள் பத்தினித் தெய்வமாக வணங்கும் அதே கண்ணகிக்குக் கண்டி எசல பெரஹராவில் தனிப் பவனி உண்டு. எசல என்பது நமது ஆடியை ஒட்டிய மாதம். ஆக, ஆடி மரபு தீவில் அழியவில்லை, தமிழ்ப் பகுதியில் சடங்கு வைகாசியில் நிலைகொண்டுள்ளது. வறட்சி முற்றிய பின் ஆற்றுவது ஒரு முறை. முற்றுமுன்னே வாசலில் நின்று ஆற்றுவது இன்னொரு முறை. மட்டக்களப்பு இரண்டாவதை எடுத்துக்கொண்டது என்று கருதுகிறேன். இது என் கருத்தே ஒழிய, ஆவணம் சொன்னதல்ல.

இன்னும் கடினமான தடை மழைக்கணக்கு. வைகாசியில் வேண்டினால் மழை எப்போது வரும்? பெருமழை ஐப்பசி, கார்த்திகைக்குத்தான். ஐந்து மாத இடைவெளியோடு ஒரு மழைச் சடங்கை ஆண்டுதோறும் நம்பிச் செய்வார்களா? மட்டக்களப்புக் கண்ணகி சடங்கில் மழைக்காவியம் என்ற பாடல் உண்டு என்பது உண்மை. அது நேராகவே மழையைக் கேட்கிறது. ஆனால் வசந்தனையும் மழைப்பாட்டு என்று சொன்னால் நாட்காட்டி இடிக்கிறது. குளிர்த்தி என்ற சடங்கையே மறுபடி பார்த்தபோது தடை விலகியது. அங்கே ஆற்றப்படுவது வானம் அல்ல, சூடு. நிலத்தின் சூடு, உடம்பின் சூடு, அம்மை நோயின் சூடு. வெயில் மாதங்களில் வரும் கொப்புளத்தை அம்மாள் வருத்தம் என்று சொல்லி, வேப்பிலை வைத்து, குளிர்ச்சியான உணவு கொடுக்கும் வழக்கம் எங்கள் வீடுகளில் இன்றும் உண்டு. மழை அந்தக் குளிர்ச்சியின் கடைசிப் பலன். முதற்பலன் அந்த வெயில் காலத்தை ஊர் நோயின்றிக் கடப்பது. வசந்தன் இந்த முதற்பலனைச் சேர்ந்தது.

விளையாட்டு எப்படிச் சடங்காகும் என்ற ஐயம் எழலாம். அதற்குப் பக்கத்திலேயே உறுதியான சான்று இருக்கிறது. கொம்பு முறித்தல் என்பது மட்டக்களப்பில் கண்ணகிக்காக நடக்கும் ஊர் விளையாட்டு. ஊர் வடசேரி, தென்சேரி என்று இரு கட்சியாகப் பிரியும்; வடசேரி கோவலன் பக்கம், தென்சேரி கண்ணகி பக்கம். வளைந்த இரு கொம்புகளை ஒன்றில் ஒன்று கொழுவி, வடம் கட்டி இழுப்பார்கள். ஒரு கொம்பு முறியும். தோற்ற கட்சியைக் கேலி செய்து பாடுவார்கள். நோயும் வறட்சியும் வந்தால் இதை நடத்துவது வழக்கம். சிங்கள ஊர்களில் பத்தினிக்காக நடக்கும் அங்கெலிய இதே விளையாட்டுத்தான். கணநாத் ஒபயசேகர பத்தினி வழிபாடு பற்றி 1984இல் வெளியிட்ட பெருநூலில் இதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். மொழி வேறு, ஊர் வேறு. ஆனால் இழுப்பும் கேலியும் சிரிப்பும் சேர்ந்து தெய்வத்தின் சூட்டை இறக்கும் என்ற நம்பிக்கை இரண்டிலும் ஒன்றே. அப்படியானால் முயிற்று வசந்தனின் சிரிப்பைச் சடங்குக்கு வெளியே தள்ள வேண்டியதில்லை. எறும்பு கடித்துத் துள்ளும் பிள்ளையைப் பார்த்து ஊர் சிரிப்பதும் ஆற்றும் வேலையின் பகுதியே.

எஞ்சிய கேள்வி, ஏன் பிள்ளைகள்? வடமோடி, தென்மோடிக் கூத்துகளை வளர்ந்தவர்கள் ஆடுகிறார்கள். மாதக்கணக்கில் பழகி, விடியவிடிய ஆடுவார்கள். வசந்தன் மட்டும் சிறுவர்களின் கையில் இருக்கிறது, பெரியவர்கள் ஆடிய இடங்கள் இருந்தாலும். கூத்துக்குப் பழகும் முதற்படி இது என்று சொல்வது சரியே. கோல் பிடித்த பையன் நாளை கூத்தனாவான். ஆனால் மறுபடியும் சிலப்பதிகாரத்தைத் திறந்தால் வேறொரு காட்சி கிடைக்கிறது. ஆய்ச்சியர் குரவையில் ஆயர்பாடியில் தீய நிமித்தங்கள் தோன்றுகின்றன. பால் உறையவில்லை, வெண்ணெய் உருகவில்லை. மாதரி தன் மகள் ஐயையை அழைத்து, கண்ணகி பார்க்கும்படி குரவை ஆடுவோம், கன்றுகளின் துயர் நீங்கட்டும் என்கிறாள். ஏழு கன்னியர் வட்டமாகக் கைகோத்து ஆடுகிறார்கள். இளையோர், வட்ட ஆட்டம், கண்ணகி முன்னிலை, தீங்கை நீக்கும் நோக்கம் என்ற நான்கும் அங்கே சேர்ந்து நிற்கின்றன. மட்டக்களப்பிலும் சினந்து வந்த கண்ணகியை இடையர் குலத்தார் ஆற்றியதாகக் கதை வழங்குகிறது. குரவையிலிருந்து வசந்தன் நேரே வந்தது என்று நான் சொல்லவில்லை; குரவை கன்னியருடையது, வசந்தன் பையன்களுடையது, இடையே நூற்றாண்டுகள் கிடக்கின்றன. ஆனால் சினந்த தாயின் முன் பெரியவர்களை விடப் பிள்ளைகள் நிற்பது பொருத்தம் என்ற எண்ணத்தை இந்த மரபுலகம் பழங்காலத்திலேயே அறிந்திருந்தது. தாய் பிள்ளையை எரிக்கமாட்டாள்.

இந்த விளக்கம் பெரிதும் வயற்காரரின் நாட்காட்டியில் நிற்கிறது. வாவிக்கு மேற்கே, சூரியன் படும் பக்கமாக உள்ள படுவான்கரை நெல்லின் நாடு. கிழக்கே, சூரியன் எழும் பக்கமாக உள்ள எழுவான்கரை கடலோரம். வெயில் காலம் கடலோரத்திலும் இதே பொருளைத் தருகிறதா என்று பார்க்காமல் தீர்ப்பு எழுதக்கூடாது என்று எண்ணியே மாங்கேணிக்குப் போனேன். வாழைச்சேனைக்கு வடக்கே, திருகோணமலை வீதியில், காயாங்கேணிக்கும் பனிச்சங்கேணிக்கும் இடையே உள்ள ஊர் அது. ஒருபுறம் கடல், மறுபுறம் வாவியும் மரமுந்திரிகைத் தோட்டமும். வசந்தனுக்குப் பேர்போன ஊர்களின் வரிசையில் மாங்கேணி வராது. அதனாலேயே அது நல்ல உரைகல்.

கரையில் வலை பொத்திக்கொண்டிருந்த முதியவரிடம், “பெரியப்பா, வைகாசி இங்க பொல்லாத காலமா?” என்று கேட்டேன். அவர் நிமிராமலே, “அப்படிச் சொல்லாத மனே. கச்சான் திறந்தாக் கடல் படுத்திரும். கரவலைக்கு அதுதானே காலம்” என்றார். கச்சான் தரையிலிருந்து கடலை நோக்கி வீசுவதால் கிழக்குக் கரையில் அலை தணிகிறது. மாரியில் வாடை அடிக்கும்போது கடல் கொந்தளித்துக் கிடக்கும். சித்திரை தொடங்கிப் புரட்டாதி வரையான அமைதியில்தான் கரைவலை வளைக்க முடியும். வேற்றூர் மீனவர்களும் அந்த மாதங்களில் வந்து வாடி, அதாவது தங்கும் கொட்டில், போடுவார்கள். வயற்காரருக்கு வறட்சியின் வாசலாகிய அதே வைகாசி மீனவருக்கு வருமானத்தின் வாசல். வலையிழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டுக்கும் அதுதான் காலம்.

மாங்கேணியின் சொல் என் விளக்கத்தை முறிக்கவில்லை, திருத்தியது. வெயில் காலம் கெட்ட காலம், அதனால் ஆற்றினார்கள் என்று எழுத இருந்த வாக்கியத்தை அது தடுத்தது. ஒரே பருவம் ஒரு கரைக்குக் குறைவாகவும் மறுகரைக்கு நிறைவாகவும் இருந்தது. எல்லாருக்கும் பொதுவாக இருந்தது சூடு ஒன்றே. நோய்க்கு வயற்காரர் வீடு, மீனவர் வீடு என்ற வேறுபாடு கிடையாது. ஆகவே வசந்தனைக் கோடையின் துயரப் பாட்டு என்றோ கோடையின் களிப்புப் பாட்டு என்றோ பிரிக்க முடியாது. பருவத்தின் வலிமை ஊரைச் சுடாதபடி அதை அளவில் நிறுத்தும் பாட்டு அது. களிப்பு அதற்கான கருவி.

கடலோரத்தில் எழுத்துச் சான்று மெலிந்திருப்பதற்கும் காரணம் உண்டு. பாட்டுகள் முதலில் ஏட்டிலும் பின்னர் அண்ணாவியார்களின் கொப்பிகளிலும் இருந்தன. அத்தகைய கொப்பியில் தாளக்கட்டு முதலில் இருக்கும், அதாவது மத்தளத்தின் சொற்கட்டு, கீழே பாட்டு, எந்த அடியைத் திருப்பிப் பாடவேண்டும் என்பது ஓரத்தில் ஒரு கோடாக இருக்கும். 1978 நவம்பர் 23ஆம் திகதி சூறாவளி மட்டக்களப்பின் கூரைகளைப் பிடுங்கியது. 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் மாங்கேணியை அடுத்த வாகரைக் கரையில் ஏறியது. 2006, 2007இல் போர் மூண்டு வாகரைப் பகுதி மக்கள் வீடுகளை விட்டு நடந்தார்கள். கையில் பிள்ளையைத் தூக்கியவர் கொப்பியைத் தூக்க முடியாது. எஞ்சியவை நெல்லூர்களில் அதிகம், கரையூர்களில் குறைவு. இந்தச் சாய்வை மனதில் வைக்காமல் எஞ்சியவற்றை மட்டும் படித்தால், வசந்தன் வயலுக்கு மட்டுமே உரியது என்ற தவறான முடிவுக்கு வருவோம்.

இனித் தீர்ப்பு. பெயர் சொல்லும் இளவேனிலுக்கும் வசந்தனுக்கும் உறவு தளர்வானது. அறுவடை ஓய்வு அதற்குப் பொழுதைத் தந்தது. கண்ணகி சடங்கு அதற்குக் களத்தையும் கடமையையும் தந்தது. அந்தக் கடமை ஊரின் சூட்டை ஆற்றுவது. ஸ்வீடன் பள்ளிப் பிள்ளைகளின் துதிப் பாடலை விட ஈடாவின் பாட்டுக்கே வசந்தன் நெருங்கியது. இரண்டிலும் பருவத்தின் வேலை பிள்ளையின் கையில் இருக்கிறது. வேறுபாடும் உண்டு. ஈடாவின் வேலை எழுத்தாளர் ஒருவரின் கற்பனை. மட்டக்களப்பில் ஒரு சமூகம் அதை நம்பி, தன் பிள்ளைகளிடம் உண்மையாகவே ஒப்படைத்தது. நோயும் வறட்சியும் வருமோ என்று அஞ்சிய நாட்களில் ஊர் தன் பிள்ளைகளை ஒளித்துவைக்கவில்லை. கோல் கொடுத்து முன்னே நிறுத்தியது. இந்தப் பாட்டின் பண்பாட்டுப் பொருளாக நான் காண்பது இதையே.

வசந்தன் அழிந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். பாடசாலைகள் அதைக் காப்பாற்றி வருகின்றன. தமிழ்மொழித்தின மேடைகளில் இன்று பெண்பிள்ளைகளும் கோல் பிடிக்கிறார்கள், அது நல்லதே. ஆனால் மேடை எந்த மாதத்திலும் வரும். நிமிடக் கணக்குக்காகப் பாட்டைக் குறைக்கும்போது முதலில் போவது முயிற்று வசந்தன் போன்ற சிரிப்புப் பாட்டுகள். அவற்றைப் பொருளற்றவை என்று நினைக்கிறோம். அவை பொருளற்றவை அல்ல. பழக்கும் ஆசிரியர்களிடம் என் வேண்டுகோள்: ஆட்டம் எந்தக் காலத்துக்குரியது, எந்த முன்றிலுக்குரியது, எதற்காக ஆடினார்கள் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள், முடிந்தால் வைகாசியில் ஒருமுறை ஊர்க்கோவில் முன்றிலில் ஆடவிடுங்கள்.

வாசகருக்கு இன்னொரு வேண்டுகோள். உங்கள் வீட்டிலோ உறவினர் வீட்டிலோ அண்ணாவியார் ஒருவரின் பழைய கொப்பி இருந்தால், அது கிழிந்ததானாலும், பாதி எழுத்து அழிந்ததானாலும் எறிந்துவிடாதீர்கள். நூலகம் நிறுவனத்திடமோ, வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்திடமோ கொடுத்து எண்ணிமப் படி எடுக்கச் சொல்லுங்கள். கொடுக்கும்போது ஊர், கோவில், ஆடிய மாதம் மூன்றையும் மறக்காமல் எழுதிவையுங்கள். பாட்டை மட்டும் காப்பாற்றினால் போதாது; அந்த மூன்றும் இல்லாவிட்டால் பிள்ளைகள் யாருக்காகப் பாடினார்கள் என்பது அடுத்த தலைமுறைக்குத் தெரியாமல் போகும்.